விண்டோஸ் 10-ஐத் தூக்கிப் போடும் முன்: ஈஎஸ்யூ திட்டத்தில் சேர்ந்து பார்த்த அனுபவம்

2025 அக்டோபர் முதல் வாரத்தில் ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். பிரின்டருக்கு மை வாங்கப் பக்கத்து டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருக்கிறார். "ஏம்ப்பா, பதினாலாம் தேதிக்கு மேல நம்ம கம்ப்யூட்டர் ஆன் ஆகாதாமே, கடையில சொல்றாங்க. புதுசு வாங்கித்தான் ஆகணுமாம், 42 ஆயிரம்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார். குரலில் பதற்றம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் ஏரி, அதன் மடைகள், ஒவ்வொரு வயலுக்கும் இருந்த பழைய பெயர்கள் எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கணினியில்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். ஏழு வருட வேலை. அது திறக்காமல் போய்விடுமோ என்று இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்றார்.

கடைக்காரர் சொன்னது பொய். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் அந்த மாதம் இதே கதையை இன்னும் நான்கு பேரிடம் கேட்டேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது, அவ்வளவுதான். கணினி முன்பு போலவே ஓடும், கோப்புகள் அப்படியே இருக்கும். நின்று போவது மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட் மட்டும். ஆனால் அந்த 'மட்டும்' சின்ன விஷயம் இல்லை, அதனால்தான் ஈஎஸ்யூ திட்டத்தில் வீட்டில் மூன்று கணினிகளைச் சேர்த்தேன். இத்தனை மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

ஈஎஸ்யூ என்றால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட். ஆதரவு முடிந்த பிறகும், கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் கடுமையானவற்றுக்கும் முக்கியமானவற்றுக்கும் மைக்ரோசாஃப்ட் தொடர்ந்து ஒட்டுப் போட்டுத் தரும் ஏற்பாடு. விண்டோஸ் 7-க்கும் இது இருந்தது, 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்த பிறகு 2023 ஜனவரி வரை, ஆனால் நிறுவனங்களுக்கு மட்டும். வீட்டில் வைத்திருந்தவர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கென்று இதைக் கொடுப்பது இதுதான் முதல் முறை. வீட்டுக்காரர்களுக்கான திட்டம் அறிவிக்கப்பட்டபடி 2026 அக்டோபர் 13 வரை, அதாவது ஒரே ஒரு வருடம்.

சேர மூன்று வழி. கணினியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். அந்த நிறுவனத்தின் ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம் இருந்தால் அதைக் கொடுத்துச் சேரலாம். இரண்டும் வேண்டாம் என்றால் 30 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரு கணக்கில் பத்து கணினிகள் வரை சேர்க்கலாம், அதனால் காசு கட்டுபவர்களுக்குக்கூட வீடு முழுவதற்கும் ஒரே செலவுதான். நான் இலவச வழியில் போனேன்.

அப்பாவின் கணினி 2016-ல் நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், நடுவில் ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன், இன்றைக்கும் பொத்தானை அழுத்தினால் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திறந்துவிடும். ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். வேகத்தில் ஒரு குறையும் இல்லாத இயந்திரம் பட்டியலில் இல்லை என்பதற்காகவே வெளியே நிற்கிறது. எனக்கு இது இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது உட்கார்ந்து சேர்த்தேன். முதலில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'வின்வர்' என்று தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் திட்டமே கண்ணில் படாது. அப்பாவுடையதில் இருந்தது. அப்புறம் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட். 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பொத்தானை ஒட்டி, ஆதரவு முடிந்துவிட்டது என்ற வாசகத்துக்குக் கீழே, 'என்ரோல் நவ்' என்று ஒரு இணைப்பு இருந்தது. எழுத்து சின்னது, அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டும் தெரியவில்லை. அதை அழுத்தியதும் கணக்கு கேட்டது.

இங்கேதான் ஒரு மணி நேரம் போனது. அப்பா வெறும் உள்ளூர்க் கணக்கில் பத்து வருடமாகத் திறந்துகொண்டிருந்தவர். கடவுச்சொல் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. இந்தத் திட்டத்துக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம், காசு கட்டினாலும் கட்டாயம். புதிதாக ஒரு கணக்கு திறந்து, நான்கு இலக்கப் பின் நம்பர் வைத்து, அதை அவருடைய டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறகு அமைப்புகளை பேக்கப் எடுக்கவா என்று கேட்டது, சரி என்றோம், அடுத்த திரையில் 2026 அக்டோபர் 13 வரை இந்தக் கணினி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வந்துவிட்டது. பணம் கேட்கவில்லை, கார்டு நம்பர் கேட்கவில்லை. அப்பா அந்தத் தேதியையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

இலவச வழியில் சேருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்கப் எடுக்க வேண்டியது அமைப்புகளை மட்டும்தான். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. பேத்தியின் பிறந்தநாள் வீடியோ இரண்டு போட்டால் நிரம்பிவிடும், அப்புறம் இடம் வாங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்தி வைத்துவிட்டு, அப்பாவின் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் தனியாக எடுத்துக் கொடுத்தேன். இது எந்த விண்டோஸாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை.

தம்பியின் லேப்டாப் கொஞ்சம் படுத்தியது, ஆனால் குற்றம் எங்களுடையது. ஏழாம் தலைமுறை ஐ3, 128 ஜிபி எஸ்எஸ்டி விளிம்பு வரை நிரம்பி, இரண்டு வருடமாக எந்தப் பெரிய அப்டேட்டும் ஏறாமல் 21எச்2-விலேயே நின்றிருந்தது. பழைய படங்களையெல்லாம் நகர்த்தி இடம் உண்டாக்கி, 22எச்2 ஏற்றி, மீதமிருந்த அப்டேட்டுகளையும் போட்டு, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் அந்த இணைப்பு தெரிந்தது. ஒரு சாயங்காலம் முழுதும் ஆகிவிட்டது. மூன்றாவது என்னுடைய டெஸ்க்டாப், அது ஐந்து நிமிடம்.

சேர்க்கும் ஜன்னல் திறந்த உடனே மூடிக்கொள்ளும் பிழை ஒன்று ஆரம்பத்தில் பரவலாக இருந்தது, 2025 ஆகஸ்ட் மாத அப்டேட்டான கேபி5063709-ல் அதைச் சரிசெய்ததாக மைக்ரோசாஃப்டே அறிவித்திருந்தது. அப்புறம் நவம்பர் 11 அன்று, சேர முடியாமல் சிக்கிய வீட்டுக் கணினிகளுக்காக கேபி5071959 என்று தனியாக ஒரு அவசர அப்டேட்டும் வெளியானது. அதனால் உங்களுக்குச் சேர்வதில் தடங்கல் வந்தால் முதலில் நிலுவையில் உள்ள அப்டேட் அத்தனையையும் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, ஈஎஸ்யூவில் ஏற்கெனவே சேர்ந்திருந்த சில கணினிகளிலும் 'உங்கள் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது' என்று தவறாகக் காட்டிய சம்பவமும் நடந்தது. அறிவிப்பில் மட்டும்தான் பிழை, அப்டேட் வருவது நிற்கவில்லை. ஆனால் என் அப்பா மாதிரி ஒருவர் அந்த வாசகத்தைப் பார்த்தால் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள். பயந்து போயிருப்பவர்களிடம் பேசும் திரையில் இந்த மாதிரித் தப்பு வரவே கூடாது.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு இது தேவையா? தம்பியும் இதைத்தான் கேட்டான். "டிஃபென்டர் அப்டேட் ஆகிட்டுத்தானே இருக்கு, அப்புறம் எதுக்குண்ணே இது?" என்றான். கேள்வி நியாயமானது, விண்டோஸ் 10-லேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபென்டருக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும், எட்ஜ் பிரவுசருக்கும் குறைந்தது அதுவரை அப்டேட் உண்டு. ஆனால் ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தால் அவர் என்ன செய்வார்? தாழ்ப்பாளைச் சரிசெய்யும் ஆசாரிதான் இந்த மாதாந்திர அப்டேட்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-ம் 11-ம் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரல். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரத்தில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரைக்கு, புதிய ஒட்டுகள் வெளியாகின்றன. அவற்றை நாம் மட்டும் இறக்குவதில்லை, திருடுகிறவர்களும் இறக்குகிறார்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து எந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது வெளிச்சமாகிவிடும். அதே ஓட்டை, ஒட்டுப் போடாத விண்டோஸ் 10-ல் திறந்தே கிடக்கும். ஆக, விண்டோஸ் 11-க்கு ஒவ்வொரு மாதமும் வரும் திருத்தம், கவனிப்பாரற்ற விண்டோஸ் 10-க்கு எதிராக ஒவ்வொரு மாதமும் வெளியாகும் வரைபடம். நாள் போகப் போக ஆபத்து கூடிக்கொண்டேதான் போகும், 'இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்பது இதில் எடுபடாது.

2017-ல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்தபோது நடந்தது இதற்குப் பக்கத்தில் வரும் கதைதான். ஓட்டைக்கு மார்ச் மாதமே ஒட்டு வந்துவிட்டது, மே 12-ல் தாக்குதல் வெடித்தது, நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் மாட்டியது என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள், உண்மையில் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதுவும் ஆதரவில் இருந்தபோதே அப்டேட் போடாமல் விட்டவை. 2014-லேயே ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் அவசரமாக ஒரு ஒட்டு வெளியிட வேண்டி வந்தது.

இந்த முறை அவ்வளவு காலம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆதரவு முடிந்த பிறகு வந்த முதல் மாதம், 2025 நவம்பர் 11 அப்டேட்டிலேயே, விண்டோஸின் மையப் பகுதியான கர்னலில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் இருந்தது. சிவிஇ-2025-62215 என்று எண். திருத்தம் வெளியானபோதே அந்த ஓட்டையை யாரோ தாக்குதலில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஈஎஸ்யூவில் சேர்ந்த விண்டோஸ் 10-க்கு அந்தத் திருத்தம் கிடைத்தது, சேராததற்குக் கிடைக்கவில்லை. இதைத் தம்பியிடம் காட்டிய பிறகு அவன் மறுபேச்சு பேசவில்லை.

மாதாமாதம் பயன்படுத்தும் அனுபவம் என்று தனியாகச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. புதன்கிழமை காலையில் திறந்தால் அப்டேட் இறங்கியிருக்கும், ரீஸ்டார்ட் கேட்கும், சதவீதம் ஓடும், முடிந்தது. புதிய வசதி எதையும் சொருகுவதில்லை, பொத்தான்கள் இடம் மாறுவதில்லை. அப்பாவுக்கு இது பெரிய நிம்மதி, அவர் தேடும் பொருள் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. டிசம்பர் அப்டேட்டில் எம்எஸ்எம்க்யூ என்ற சேவை பழுதாகி, சில நாளில் தனித் திருத்தம் வந்தது. அது அலுவலக மென்பொருள்கள் பயன்படுத்தும் சங்கதி, வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு பலனும் உண்டு. கணினி திறக்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2011-ல் கொடுத்தவை, அவை 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் வருகின்றன, ஈஎஸ்யூவில் இல்லாத விண்டோஸ் 10-க்கு அந்த வழி அடைபட்டிருக்கும்.

எனக்கு ஒப்பாதவையும் இருக்கின்றன. பாதுகாப்பு ஒட்டு என்பது விற்ற பொருளில் இருக்கும் பழுதைச் சரிசெய்வது, அதற்குப் பதிலாக ஒரு கணக்கும் பேக்கப்பும் கேட்பது சரியில்லை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்பு ஒன்று எழுதிக் கேட்ட பிறகு, அங்கே மட்டும் பேக்கப் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கணக்கில் அறுபது நாளுக்கு ஒருமுறையாவது நுழைந்தால் போதும், முழுக்க இலவசம். அதே விண்டோஸ், அதே ஓட்டை, அதே ஒட்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அடுத்தது காலம். நிறுவனங்களுக்கு மூன்று வருடம் வரை உண்டு, முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், அப்புறம் 122, அப்புறம் 244, பள்ளி கல்லூரிகளுக்கு 1, 2, 4 டாலர். மூன்று வருடத்துக்கு ஒட்டுகள் தயாராகத்தான் போகின்றன என்னும்போது வீடுகளுக்கு ஒரு வருடத்தோடு நிறுத்துவதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் திட்டம் விண்டோஸை மட்டும்தான் காக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது. அப்பாவின் கணினியில் இருந்தது 2016. அதை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரஆஃபீஸ் போட்டேன். மடைகளின் பட்டியலில் இரண்டு அட்டவணைகளின் ஓரம் கலைந்தது, உட்கார்ந்து சரிசெய்தோம், மற்றபடி யூனிகோட் எழுத்துகள் அப்படியே வந்தன.

இதற்குப் பதிலாக வேறு வழிகளையும் பார்த்தேன். ஸ்லோவேனியாவின் ஆக்ரோஸ் செக்யூரிட்டி தரும் ஜீரோபேட்ச், விண்டோஸின் கோப்பைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் நினைவகத்திலேயே சின்ன ஒட்டைப் போடுகிறது, ரீஸ்டார்ட் கூடத் தேவையில்லை. விண்டோஸ் 10-க்குக் குறைந்தது 2030 அக்டோபர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கட்டணம் வருடத்துக்குக் கணினிக்கு ஏறக்குறைய 25 யூரோ. நான் வாங்கிப் பயன்படுத்தவில்லை, அதனால் மதிப்பெண் போட மாட்டேன். ஈஎஸ்யூ முடிந்த பிறகும் விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்கள் பார்க்கலாம். 'எல்டிஎஸ்சி போட்டுத் தருகிறேன், ஐந்நூறு ரூபாய்' என்று சொல்லும் கடைகளிடம் மட்டும் போகாதீர்கள். எல்டிஎஸ்சி என்பது நிறுவனங்களுக்கான உண்மையான பதிப்புதான், ஆனால் அந்த விலைக்கு உங்கள் கணினியில் ஏறுவது பெரும்பாலும், லைசென்ஸ் இல்லாமல் ஓடவைக்கும் கிராக் செய்த ஆக்டிவேட்டர். ஓட்டையை அடைக்க என்று அழைத்து வந்து சாவியையே கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்தக் கட்டாயக் கணக்குக்காகவும் ஒரே வருடத்துக்காகவும். இதுவரை சேராதவர்கள் இன்னும் சேரலாம், திட்டம் முடியும் நாள் வரை கதவு திறந்திருக்கும், தவறவிட்ட மாதங்களின் ஒட்டுகள் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் தாமதித்துச் சேர்ந்தாலும் முடியும் தேதி அதேதான், நீளாது.

அந்தத் தேதிக்குப் பிறகு என்ன என்பதை நாங்கள் இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டோம். தம்பியின் லேப்டாப்புக்கு பேட்டரியும் போய்விட்டது, அவன் புதிது வாங்கிக்கொள்வான். அப்பாவின் கணினியை விட மனமில்லை. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். தமிழ்99 விசைப்பலகையை அதன் தட்டச்சுக் கருவியான ஐபஸ்ஸில் சேர்த்ததும் அப்பா தட்டிப் பார்த்த முதல் சொல் 'கலிங்கு'. சரியாக வந்தது. பழைய பிரின்டர் மட்டும் இன்னும் அதில் ஓடவில்லை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதற்கான டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.